மாடி சோலார் பேனலில் மர நிழல்: எந்தக் கிளையை வெட்டணும்?

ஓரத்துல கொஞ்சம் நிழல்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு விட்டுடாதீங்க. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு செல் நிழலில் மாட்டினாலே அந்த வரிசையில் மின்னோட்டம் குறையும். அதைச் சமாளிக்க பேனலில் பொதுவாக 3 பைபாஸ் டயோடுகள் உண்டு. இவை நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிடும். அப்போதும் ஒரு இலைக்கொத்தால் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகலாம்.

அதுக்காக மரத்தையே சாய்க்க வேண்டாம். காலை 9 முதல் பிற்பகல் 3 மணி வரை எந்தக் கிளையின் நிழல் பேனல் மேல் விழுதுன்னு கவனிங்க. அதை மட்டும் கழிச்சா போதும். ஆனா கோடையில் பார்த்து முடிவெடுத்தா ஏமாந்துடுவீங்க. சென்னையில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும். பேனலைவிட 10 அடி உயர்ந்து நிற்கும் தெற்குப் பக்க மரம், அப்போது நண்பகலிலேயே 7 அடிக்கு மேல் நிழல் போடும்.

ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் கவாத்து செய்யாதீங்க. தெருவோர மரம்னா மாநகராட்சி அனுமதி வேணும். மின்கம்பியை ஒட்டிய கிளைன்னா மின்வாரியத்தைக் கூப்பிடுங்க. தென்னை மட்டும் தனி ரகம். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும். அங்கே பேனலைத் தள்ளி வைக்கிறதே நல்லது.