இரண்டு தோட்டங்கள்

லண்டன் லாம்பெத்தில், வழிபாடு நின்றுபோன புனித மேரி தேவாலயத்துக்குள் 1977இல் தோட்டக்கலை வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. பழைய மண்வெட்டி, பூவாளி என்று பார்த்துக்கொண்டே போகலாம், அழகுதான். முற்றத்தில், தாவரம் தேடி அலைந்த டிரேடஸ்கன்ட் தந்தை மகனோடு கேப்டன் வில்லியம் பிளையும் புதைக்கப்பட்டிருக்கிறார். சீமைப்பலாவை தாஹிட்டியிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதலில் கொண்டுபோனவர் என்கிறது கல்லறை எழுத்து. எதுக்குக் கொண்டுபோனாராம்? அதைக் கல் சொல்லாது. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகத் தீனி போடத்தான். (பூந்தோட்டம், கரும்புத் தோட்டம்: நம்ம மொழியில் இரண்டும் தோட்டம்தான். அருங்காட்சியகம் முதலாவதன் பெயரில் நடக்கிறது.) 1789இல் 'பவுன்டி' கப்பலில் கலகம் செய்தவர்கள் கன்றுகளைக் கடலில் வீசினார்கள். மறுபடி கிளம்பி, 1793இல் செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினார் பிளை. அடிமைகளோ ஆரம்பத்தில் அதைச் சீந்தவில்லை, வாழைக்காயையே விரும்பினார்கள்.