நரம்பைத் திரித்த கதை

அமெரிக்க மலைநாட்டார் வாசிக்கும் ஐந்து நரம்புப் பாஞ்சோவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருகிச் சுருதி கூட்டலையே மாற்றிவிடுவார்கள். வழக்கமான கூட்டலை நம் சுரப்பெயரில் சொன்னால் ச, ப, ச, க, ப. அதில் அந்தர காந்தார நரம்பை மட்டும் அரைச் சுரம் ஏற்றினால் மத்திமமாகும். பாட்டின் முகமே வேறாகிவிடும். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் தோல் போர்த்த சுரைக்காய்க் கருவியே அதன் மூதாதை. பொருநராற்றுப்படை காட்டும் யாழின் பத்தரும் தோல் போர்த்ததே. நமக்கு இங்கே உறவு கொண்டாடும் எண்ணமில்லை. நரம்பைத் திரித்துப் பண்ணை மாற்றும் கலை நம்மிடம் ஒரு முழு இலக்கணமாகவே இருந்தது என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறோம்.

அவ்விலக்கணத்தை நம் காலத்துக்கு மீட்க முனைந்தவர்களில் முன்னோடி நெல்லைச் சீமைக்காரர். சிற்றாற்றுப் படுகையிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் சித்த மருத்துவராய் வாழ்ந்து, ஈட்டிய பொருளை இசையாய்வில் செலவிட்டார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். மறு ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. மருந்து அரைத்த கை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அரைத்துப் பார்த்தது எனலாம்.

அந்தக் காதையும் வேனிற்காதையும் ஆய்ச்சியர் குரவையும் சொல்லுவதென்ன? யாழில் மெட்டுகள் கிடையா. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் முதலில் செம்பாலையாக நிற்கின்றன. இன்றைய அரிகாம்போதி என்று ஆய்வாளர் பலரும் கொள்வது இதையே. பிறகு பாலைகள் பிறக்க இரு வழிகள். நரம்பைத் தொடாமல் துத்தத்தையே குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை (நடபைரவி) வரும், இது பண்ணுப்பெயர்த்தல். குரலை நகர்த்தாமலே அதைப் பெற வேண்டுமானால் நரம்பைத்தான் திரிக்க வேண்டும்.

இந்த இரண்டாம் வழியை வீணையில்லாமல் வாய்ப்பாட்டாகவே பாடிப் பார்க்கலாம். செம்பாலையில் தாரத்தை அரைச் சுரம் இறுக்கினால் அரும்பாலை (சங்கராபரணம்). மேலும் உழையை இறுக்கினால் மேற்செம்பாலை (கல்யாணி). மறுபக்கம், செம்பாலையின் கைக்கிளையைத் தளர்த்தினால் கோடிப்பாலை (கரகரப்பிரியா). தொடர்ந்து விளரியைத் தளர்த்தினால் படுமலைப்பாலை. துத்தத்தையும் தளர்த்தினால் விளரிப்பாலை (தோடி). ஒவ்வொரு படியிலும் திரிவது ஒரே ஒரு சுரம். பதினான்கு நரம்புச் சகோடயாழில் அதை இரு தானங்களிலும் திரிக்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் வேலை. கையும் காதும் சேர்ந்து கண்டறிந்த ஒழுங்கு இது. ஏட்டில் போட்ட கணக்காக எமக்குத் தோன்றவில்லை.

பண்டிதரிடம் நாம் வேறுபடுவது இங்கேதான். இயக்கை இருபத்து நான்கு சமபங்காக வகுப்பதே வட்டப்பாலை என்றார் அவர். சாரங்கதேவரின் இருபத்திரண்டு சுருதிகளை மறுத்தார். ஆனால் யாழாசிரியன் இளிக்கு இளி காதால் கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டாம் இளி தொடங்கிய இடத்தில் வந்து சேராது. அரைச் சுரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். சமபங்கு அந்த மிச்சத்தைக் கணக்கில் கரைத்துவிடுகிறது. இருபத்திரண்டையே ஏற்று விபுலாநந்த அடிகள் எழுதிய ‘யாழ்நூல்’ 1947-இல் கரந்தைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். கணக்கில் அடிகள் பக்கம் சாய்ந்தாலும், பழந்தமிழ் இசையை ஓர் அறிவியலாக வைத்து வழக்காடும் துணிவு பண்டிதர் தந்தது என்பதை மறக்கலாகாது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை வியப்பவர்கள் அவரைப் படிப்பதில்லை என்பது எம் நெடுநாள் மனக்குறை. கல்லின் சுருதியை யாரும் திரிக்க முடியாது. திரிக்க முடிந்த கருவியைப் பற்றியே அவர் எழுதினார்.

ஏழாவது பாலை ஒன்று பாக்கி. விளரிப்பாலைக்குப் பின் இளியையே தளர்த்தினால் செவ்வழிப்பாலை. அதில் பஞ்சமம் இல்லை. இரண்டு மத்திமங்கள் நிற்கும். எழுபத்திரண்டு மேளங்களில் எதிலும் அதற்கு இடமில்லை, ஏனெனில் அவை அனைத்திலும் பஞ்சமம் அசையாது நிற்கிறது. யாழ்க்காரனோ அந்த நரம்பையும் தளர்த்தினான்.