நோக்கியா விட்டுச் சென்ற கேள்வி

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்து இளம்பெண்கள் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். சம்பளம், சீருடை, ஆலைப் பேருந்து, வீட்டில் தன் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு, எல்லாம் சேர்ந்ததே அந்த வேலையின் நிறைவு. அந்த நிறைவுக்கு அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பது 2014இல் தெரிந்தது. வரி வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். இருபதுகளில் இருப்பவருக்கு அந்தச் சொல்லே பொருந்தாது. நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

சந்தை மாறினால் ஆலைகள் மூடுவதும் திறப்பதும் இயல்பு, அதே வளாகத்துக்குப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வந்ததே என்பார்கள். உண்மைதான். ஆனால் பிழைத்தது கட்டடம். வெளியேறியவரின் பணிமூப்பு பிழைக்கவில்லை. நல்ல சம்பளம் கொடுத்தால் போதும் என்ற வாதமும் நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கி அதே ஸ்ரீபெரும்புதூரின் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு சங்க அங்கீகாரத்தையும் கேட்டார்கள். தன் வேலையின் கதியைத் தீர்மானிக்கும் இடத்தில் தனக்கும் குரல் வேண்டும் என்பதே அதன் பொருள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு பெற்றது.