ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா: ஹோவர்டு பல்கலைக்கழகக் கிளை

வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட மாணவியர் சங்கம் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தமக்கென அமைத்துக்கொண்ட, கிரேக்க எழுத்துகளால் பெயர் சூட்டிய முதல் சகோதரிச் சங்கம் இதுவே. ஹோவர்டில் உள்ள தாய்க்கிளைக்கு ஆல்ஃபா கிளை என்று பெயர். இன்று சங்கத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். சங்கத்தின் சின்னத்தில் இருபது முத்துகள் உண்டு. முத்துக்குளித்துறையான தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்தச் சங்கத்தின் மேல் ஓர் ஈர்ப்பு வர அதுவே போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது: 2021இல் அமெரிக்காவின் துணை அதிபரான கமலா ஹாரிஸ், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், ஆல்ஃபா கிளையில் சேர்ந்தவர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய சங்கத்தைச் சொராரிட்டி என்கிறார்கள். உடன்பிறந்தாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 1882இல் சைராகியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஆக்கித் தந்த பெயர் அது. நம் கல்லூரிகளில் இந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. தூத்துக்குடியில் 1948இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரியைப் போன்ற பெண்கள் கல்லூரிகளில் உறவு விளைந்த இடம் விடுதி. மூத்த மாணவி அங்கே 'அக்கா' ஆகிவிடுவாள். 1969இல் வந்த நாட்டு நலப்பணித் திட்டம் அந்தப் பிள்ளைகளை ஊர்களுக்கும் அழைத்துச் சென்றது. ஆனால் பட்டம் வாங்கியதும் அக்கா ஓர் ஊருக்கும் தங்கை ஓர் ஊருக்குமாகப் பிரிந்துபோவார்கள். சொராரிட்டி வேறுபடுவது இங்கேதான். அதில் சேர்ந்தவள் சாகும்வரை உறுப்பினர். படித்து முடித்தவர்களுக்கென்று ஊர்தோறும் தனிக் கிளைகள் இருக்கின்றன. மாணவிக் கிளைகளுக்குப் பின்பலம் அவர்கள்தான்.

ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867இல், அடிமை முறை ஒழிந்து இரண்டே ஆண்டுகளில் தோன்றியது. வெள்ளை மாணவியரின் சங்கங்கள் அக்காலத்தில் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி, பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவியர் சங்கங்கள் இயங்கிய விதத்தைப் பற்றி, அங்கே படித்த ஆசிரியை எத்தல் ராபின்சன் சொல்லக் கேட்டார். தோழிகளிடம் பேசினார். மைனர் ஹால் கட்டடத்தில் ஒன்பது பேர் கூடிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே நன்றாகப் படித்த இரண்டாமாண்டு மாணவியர் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் சங்கத்தின் நிறங்கள். ஐவிக் கொடியின் இலை அடையாளம்.

இந்த ஒன்பது பேரில் லூசி டிக்ஸ் ஸ்லோவைத் தனியே சொல்லத்தான் வேண்டும். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, அத்தையிடம் வளர்ந்தவர். ஆல்ஃபா கிளையின் முதல் தலைவர். 1917இல் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் போட்டியில் வென்று, தேசியப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 1922இல் அதே ஹோவர்டில் மாணவியர் துறையின் முதல் தலைவராகத் திரும்பி வந்தார். பெண்களை வேலிக்குள் வைத்துக் காப்பதையே பல்கலைக்கழகங்கள் மாணவியர் நலன் என்று நினைத்திருந்த காலம் அது. ஸ்லோவோ அவர்களுக்கு நல்ல விடுதிகளும் தம்மைத் தாமே ஆளும் உரிமையும் வேண்டும் என்று 1937இல் இறக்கும்வரை நிர்வாகத்தோடு போராடினார். சங்கத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிவது அவர்தான்.

1912இல் சங்கம் ஏறக்குறைய உடைந்தது. அப்போதிருந்த மாணவியர் 22 பேர் பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் மாற்ற விரும்பினார்கள். அரசியலில் இன்னும் நேரடியாக இறங்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டுதான் படித்து முடித்திருந்த நெல்லி குவாண்டர் அதை ஏற்கவில்லை. பிரிந்தவர்கள் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தை அமைத்து, மார்ச் 3 அன்று தலைநகரில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். குவாண்டரும் தோழிகளும் ஜனவரி 29 அன்று பழைய பெயரையே சட்டப்படி பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் சில ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை மாறும் கல்லூரியில் சங்கம் அடியோடு மறைந்திருக்கும். பிரிவு யாருக்கும் நட்டமாகவில்லை. இரண்டு சங்கங்களும் வளர்ந்தன. 1930இல் ஹோவர்டில் உருவான கறுப்பின மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பில் இரண்டும் ஒன்றாகவே சேர்ந்தன.

முதல் ஒன்பது பேர், அடுத்து வந்த ஏழு பேர், பதிவுக் காலத்தில் தோள்கொடுத்த நான்கு பேர் என்று இருபது பேரைச் சங்கம் நிறுவனர்களாக வைத்திருக்கிறது. சின்னத்தின் இருபது முத்துகள் இந்த இருபது பெண்கள். முத்தைப் பெண்ணின் அணியாக மட்டுமே பார்க்கப் பழகியவர்களுக்கு, ஒவ்வொரு முத்துக்கும் ஒரு பெயர் இருப்பது புதிதாகத் தெரியும். மூச்சடக்கிக் குளித்தவர்களின் பேரன்மார் வாழும் தூத்துக்குடிக் கரையில் அது அவ்வளவு புதிதில்லை. தொல்லாயிரம் பார் போன்ற கடலடிப் பார்களில் கல்லைக் கட்டி இறங்கியவரின் உயிர், படகில் கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. அக்காள் தங்கையின் தாலிக்காகக் கயிற்றை விடமாட்டான் என்று மச்சானையே பிடிக்க வைப்பார்கள் என்பது இக்கரையில் சொல்லிவரும் சேதி. 1961க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி குழு வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது.

ஹோவர்டின் அந்த இருபது பெண்களுக்குக் கயிறு பிடிக்க ரத்த உறவு எட்டாத தூரத்தில் இருந்தது. அவர்கள் உறவைத் தாமே தேர்ந்தெடுத்து, பிறகு மற்றவர்களுக்கும் கயிறு நீட்டினார்கள். 1935 கோடையில் ஹோவர்டு பல்கலைக்கழக மருத்துவர் டாரதி ஃபெரபீ தலைமையில் சங்கத்தினர் மிசிசிப்பிப் பருத்தி வயல்களுக்குப் போனார்கள். ரயில் சீட்டு மறுக்கப்பட்டதால் சொந்தக் கார்களிலேயே கிளம்பினார்கள். கூலிகளை மருத்துவ முகாமுக்கு விட முதலாளிகள் மறுத்தபோது, மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டு வயலுக்கே சென்றார்கள். அம்மைத் தடுப்பூசி போட்டார்கள், பல் பார்த்தார்கள், உணவைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். போர் அமெரிக்காவை எட்டும்வரை கோடைதோறும் நடந்த இப்பணியால் ஏறத்தாழ 15,000 பேர் பயனடைந்தார்கள். 1938இல் சிறுபான்மையினரின் உரிமைக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எடுத்துரைக்கத் தலைநகரில் ஓர் அலுவலகமும் திறந்தார்கள். நிறுவனர்களில் ஒருவரான நார்மா பாய்டு அதன் பின்னால் இருந்தார்.

சங்கத்தில் சேரும் புதியவர்களை மூத்தவர்கள் வதைக்கும் வழக்கம் அமெரிக்கச் சங்கங்கள் பலவற்றின் தீராத நோய். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு 1997இல் சட்டம் கொண்டுவந்ததை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இந்த வதையை ஒழிக்கவே கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990இல் பழைய சேர்ப்பு முறையைக் கைவிட்டது.

கமலா ஹாரிஸ் 1986 வசந்தத்தில், 38 பேர் கொண்ட அணியில் ஆல்ஃபா கிளையில் சேர்ந்தார். அதே ஆண்டு பட்டம் பெற்றார். தாய் சியாமளா 1958இல், 19 வயதில், மேற்படிப்புக்காகத் தனியாகக் கலிபோர்னியா வந்தவர். குடும்பத்தின் சொந்த ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். உறவினர் எவரும் பக்கத்தில் இல்லாத ஊரில் அவரைத் தாங்கியது கறுப்பின நண்பர் வட்டம். இந்தச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். பிள்ளைகள் அவரை அத்தை முறை வைத்தே அழைத்தார்கள். புலம்பெயர்ந்த தெற்காசியப் பெண்களின் பிள்ளைகள் தமக்கென்று சங்கம் அமைத்தது பின்னால்தான்: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கப்பா ஃபை காமா 1998இல் தோன்றியது.

2020 ஆகஸ்ட் 19 அன்று துணை அதிபர் வேட்பாளராக ஆற்றிய உரையில், தன் குடும்பம் யார் யார் என்று ஹாரிஸ் வரிசையாகச் சொன்னார். 'சித்தி' என்ற தமிழ்ச் சொல் வந்த அதே வரிசையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் வந்தது. அந்த நாட்களில் பிரசார நிதிக்கு 19.08 டாலர் என்ற விசித்திரமான தொகை ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தது. சங்கம் பிறந்த ஆண்டை நன்கொடையாக எழுதி அனுப்பியிருந்தார்கள் சகோதரிகள். 2021 ஜனவரி 20 அன்று ஹாரிஸ் முத்துமாலை அணிந்து பதவியேற்றார். நாடெங்கும் பெண்கள் அன்று முத்து அணிந்தார்கள்.