கோன் அடிச்சனான்தானே!

1896 ஆகஸ்ட் 17. லண்டன் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் ஆட்களை ஏற்றிக் காட்சிக்காக ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று பிரிஜெட் டிறிஸ்கோல் என்ற பெண்ணின்மேல் மோதியது. பிரிட்டனில் பெற்றோல் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி அவர்தான். மணிக்கு நான்கு மைல் வேகத்தில்தான் வந்தேன் என்றார் சாரதி. நாங்கள் கொஞ்சம் விரைவாக நடக்கிற வேகம் அது. மணி அடித்தார், விலகச் சொல்லிக் கத்தினார். அந்தப் பெண்ணோ திகைத்துப்போய் நின்றுவிட்டார்.

"கோன் அடிச்சனான்தானே, அவர் ஏன் விலகேல்லை?" என்று இன்றைக்கும் எங்கட வீதிகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு அவ்வளவு வயது. தூரத்திலேயே லைற்றை அடித்து "நான் வாறன், நீ ஒதுங்கு" என்பதும் அதே வகைதான்.

அரசு சட்டத்தால் சமாளிக்கப் பார்த்தது. அதிலும் தடுமாற்றம்: 1930இல் கார்களுக்கான வேக எல்லையையே பிரிட்டன் எடுத்துவிட்டது. 1934இல் வீதிகளில் 7,343 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை திரும்பி வந்தது, சாரதிப் பரீட்சையும் கட்டாயமானது.

ஆனால் பரீட்சை பாஸ் பண்ணியவருக்கு எதிரே வருபவர் பிழை விடமாட்டார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. ஹென்டனில் இருந்த லண்டன் பொலிஸ் சாரதிப் பாடசாலைக்கு 1937இல் ஆலோசகராக வந்தவர் கொட்டன்ஹாம் பிரபு. ஆள் முன்னாள் கார்ப் பந்தயக்காரர்! வேகமாக ஓடிப் பழகிய அந்த மனுசன், ஓடுவதற்கு முதல் பார்க்கப் படிப்பித்தார். வளைவோ சந்தியோ வந்தால் வீதியில் எந்த இடம், கண்ணாடி, சைகை, பிறேக், கியர் என்று ஒரே ஒழுங்கு, எதையும் தாவக்கூடாது. கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுகிற பயிற்சியும் அங்கே இருந்தது. இந்த முறை 1955இல் 'றோட்கிராஃப்ட்' என்ற புத்தகமாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. தெளிவாகத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓடு என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

கணக்கைப் பாருங்கோ. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒன்றரை செக்கன் என்றால், பிறேக் பிடிக்கத் தொடங்கவே 25 மீற்றர் முடிஞ்சுது. முன்னால் போகிற வாகனம் ஒரு லைற் போஸ்ற்றைத் தாண்டி இரண்டு செக்கனாவது கழித்து நாங்கள் அதைத் தாண்டவேண்டும் என்பது இதனால்தான். மழை என்றால் நான்கு.

அமெரிக்காவில் ஹரோல்ட் ஸ்மித் 1952இல் தன் பயிற்சி முறையை ஐந்து விதிகளாகச் சுருக்கினார். எங்களுக்கு நான்காவதுதான் முக்கியமாகப் படுகிறது: தப்பிப் போக எப்போதும் ஒரு வழி விட்டுவை.

2005 ஏப்ரல் 27ஆம் திகதி அலவ்வைக்குப் பக்கத்தில், யாங்கல்மோதர ரயில் கடவையில், இன்னொரு பஸ்ஸோடு ஓட்டப்போட்டி போட்டு வந்த தனியார் பஸ் மூடியிருந்த தடையைச் சுற்றிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறியது. முன்னுக்கும் வழியில்லை, பின்னுக்கும் வழியில்லை. கொழும்பு - கண்டி ரயில் மோதியது. பஸ்ஸில் இருந்தவர்களில் 35 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு ரயில் கடவையைத் தாண்டிப் போக ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை.