பிரிட்டனில் பிரதமர் பிறந்த கதை

பிரிட்டனில் பிரதமர் பதவியை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. அரசர் எழுந்துபோன இருக்கையில் அமைச்சர் ஒருவர் அமர்ந்தார். நாளடைவில் அதுவே பதவியாயிற்று.

1714இல் ஆன் அரசி வாரிசின்றி இறந்தார். கத்தோலிக்கர் அரியணை ஏற 1701ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்தது. அதனால் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து புராட்டஸ்டன்ட் உறவினரான முதலாம் ஜார்ஜ் அரசராக வந்தார். அப்போது அவருக்கு வயது 54. ஆங்கிலம் சரளமில்லை, மனமோ ஹனோவரிலேயே இருந்தது. சில ஆண்டுகளில் அமைச்சரவைக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

1720இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் சரிந்து எத்தனையோ குடும்பங்கள் நொடித்தன. அமைச்சர்களே லஞ்சமாகப் பங்கு வாங்கியிருந்ததும் அம்பலமானது. அந்தக் குழப்பத்தைச் சமாளித்த ராபர்ட் வால்போல் 1721இல் ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்ற பதவிக்கு வந்தார். அமைச்சரவையை நடத்தும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. பிரபு பட்டம் தேடி வந்தபோது அதை மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிரபுக்கள் அவைக்குப் போகாமல் மக்களவையிலேயே இருந்தார். வரிக்கும் செலவுக்கும் ஒப்புதல் தர வேண்டியது அந்த அவைதான் என்பதை அவரைப் போல் உணர்ந்தவர் அன்று வேறு யாருமில்லை.

அடுத்த அரசரான இரண்டாம் ஜார்ஜ் டவுனிங் தெரு வீட்டை அவருக்கே பரிசாகக் கொடுக்க முன்வந்தார். வால்போல் தனக்கென வாங்க மறுத்து, பதவிக்குரிய வீடாகவே ஏற்று 1735இல் குடியேறினார்.

1741 தேர்தலில் அவருடைய பெரும்பான்மை தேய்ந்தது. அடுத்த ஆண்டு, சிப்பன்ஹாம் தொகுதித் தேர்தல் தகராறு குறித்த மக்களவை வாக்கெடுப்பில் தோற்றார். அரசருக்கு அவர் மேல் நம்பிக்கை குறையவே இல்லை. இருந்தும் பதவி விலகினார். பலரும் 1721ஐ இப்பதவியின் தொடக்கமாகச் சொல்வார்கள். எனக்கோ 1742தான் அதன் பிறந்த ஆண்டு. அரசரின் அன்பு இருந்தும் அவையின் ஆதரவு இல்லாமல் ஆள முடியாது என்பது அன்றுதான் வெளிச்சமாயிற்று.

ஆனால் ஒரு முறை நடந்தது உடனே வழக்கமாகிவிடவில்லை. 1834இல் அரசர் நான்காம் வில்லியம், அவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் மெல்போர்னை நீக்கிவிட்டு ராபர்ட் பீலை அழைத்தார். தேர்தல் நடந்தது, பீலுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1835 ஏப்ரலில் அதே மெல்போர்னை அரசர் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு எந்தப் பிரிட்டிஷ் அரசரும் அரசியும் பிரதமரை நீக்கியதில்லை.