‘டச்’: ஒரு சொல்லின் பல முகங்கள்

‘டச்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டிராத தமிழர் இன்று அரியர். நகைக்கடையில் “இது எத்தனை டச்?” என்று கேட்கிறோம். புகைப்பட நிலையத்தில் படத்தை ‘டச்சப்’ செய்து தரச் சொல்கிறோம். வெகுநாள் வீணையைத் தொடாதவர் “டச் விட்டுப் போயிற்று” என்கிறார். மனத்தை உருக்கிய திரைப்படம் ‘டச்சிங்’காக இருந்தது என்கிறோம். விரலால் தடவி இயக்கும் தொலைபேசிக்கு ‘டச் போன்’ என்றே பெயர். ஆங்கில அகராதியைத் திறந்தாலோ, இந்த ஒரு சொல்லுக்குப் பத்திக் கணக்கில் பொருள்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

தொடுதல் என்ற ஒரே செயல் இத்தனை பொருள்களை எப்படிப் பெற்றது? இது மொழி ஆராய்ச்சி மட்டுமன்று. அறிவியல் வரலாறும் ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பொருள் மற்றொன்றைத் தொடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது என்ன? இந்தக் கேள்விக்கு மனிதன் அளித்த விடைகள் சில சரியானவை, சில தவறானவை. தவறான விடைக்கு உயிர்களை விலையாகக் கொடுத்த காலமும் உண்டு.

சொல்லின் பிறப்பு

‘டச்’ பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் வேர், மணியைத் தட்டும் ஓசையைப் போன்று எழுந்த ‘டொக்’ என்னும் ஒலிக்குறிப்பு என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. அப்படியானால் தட்டுவதே முதற்பொருள். தொடுவது அதன் பின்வந்த பொருள்.

தொடுதலைக் குறிக்க இலத்தீன் மொழியில் இதனினும் பழைய சொல் ஒன்று இருந்தது. அது ‘டாங்கெரே’. கணிதத்தில் நாம் தொடுகோடு என்று சொல்லும் ‘டான்ஜென்ட்’ அதிலிருந்து வந்ததே. வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடல்லவா அது! முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டிஜர்’ என்பதற்குத் தொடப்படாதது, அதாவது உடைபடாதது என்பது பொருள். மின்சுற்றில் இணைப்பைக் குறிக்கும் ‘கான்டாக்ட்’, தொற்றுநோயைக் குறிக்கும் ‘கன்டேஜன்’ இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பொன்னும் கல்லும்

முதலில் பொற்கொல்லரிடம் செல்வோம். பொன்னை ஒரு கரிய கல்லில் உரைத்து, அதன் கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்றை அறிவது மிகப் பழைய முறை. நம் நாட்டில் இதனை உரைகல் என்றும் கட்டளைக்கல் என்றும் கூறுவர். ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘டச்ஸ்டோன்’. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில் இக்கல்லைக் குறிப்பிடுகிறார். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த லிடியா நாட்டில் கிடைத்ததால் அதற்கு ‘லிடியக் கல்’ என்ற பெயரும் ஏற்பட்டது.

மாற்று தெரிந்த ஊசிகளையும் அதே கல்லில் உரைத்து, இரு கோடுகளையும் ஒப்பிடுவர். 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் உலோகவியல் நூல் இத்தகைய ஊசிகளை விரிவாக வருணிக்கிறது. கோட்டின்மீது நைட்ரிக் அமிலத்தை இட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும், பொன் கரையாது. கோடு எந்த அளவுக்கு மங்குகிறது என்பதைப் பார்த்துக் கலப்பை மதிப்பிடலாம்.

உரைத்துப் பார்க்கும் செயலின் பெயர் காலப்போக்கில் அதன் முடிவுக்கே பெயராயிற்று. 1300-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு இயற்றிய சட்டம், ‘பாரிஸ் டச்’சுக்குத் தாழ்ந்த பொன்னில் நகை செய்யக் கூடாது என்று விதித்தது. அது 24-க்கு ஏறத்தாழ 19 1/5 காரட். அதாவது 100-க்கு 80 பங்கு. நம் நகைக்கடைக் கணக்கில் இதுவே ‘80 டச்’. 22 காரட் பொன்னை 91.6 டச் என்று கடைக்காரர் சொல்லும்போது, எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு பொருளில் அச்சொல்லைக் கையாளுகிறார்.

இங்கே நம் கேள்விக்கு விடை எளிது. தொட்டபோது கல்லுக்குச் சென்றது பொன்னேதான். அந்த மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரியும்; அதை மீண்டும் சோதிக்கலாம்; ஐயமிருந்தால் மற்றொருவரும் சோதிக்கலாம்.

அரசன் கை

இனி வேறொரு ‘டச்’. கழுத்தில் நெறிகட்டி, வீங்கி, புண்ணாகும் நோய் ஒன்று உண்டு. சித்த மருத்துவம் இதனைக் கண்டமாலை என்கிறது. பெரும்பாலும் காசநோய்க் கிருமிகளால் நிணநீர்க் கட்டிகளில் ஏற்படுவது இது. இடைக்கால இங்கிலாந்திலும் பிரான்சிலும், முடிசூடிய மன்னன் தொட்டால் இந்நோய் நீங்கும் என்று மக்கள் நம்பினர். இதற்கு ‘ராயல் டச்’ என்று பெயர்.

இங்கிலாந்தில் 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ் 90,000-க்கும் மேற்பட்டோரைத் தொட்டதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். தொடப்பட்டவர் கழுத்தில் ஒரு பொற்காசு தொங்கவிடப்படும். 1712-இல் ஆன் அரசியாரிடம் அவ்வாறு தொடப்பட்டவர்களில் மூன்று வயதும் நிரம்பாத ஒரு குழந்தை இருந்தது. அக்குழந்தையே பின்னாளில் 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன். அரசியார் அணிவித்த காசை அவர் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். நோயின் வடுக்களும் வாழ்நாள் முழுவதும் அவருடன் இருந்தன. ‘டச்’ என்ற சொல்லின் பொருள்களைப் பிரித்துப் பிரித்து எழுதிய அறிஞர், அதன் ஒரு பொருளைத் தம் கழுத்திலேயே சுமந்திருந்தார்!

அப்படியானால் இத்தனை பேர் ஏன் நம்பினர்? கண்டமாலை சில காலம் முற்றும். சில காலம் தானே தணியும். மன்னன் தொட்டபின் தணிந்தால் பெருமை மன்னனுக்கு. தணியாவிட்டால் குறை நோயாளியின் நம்பிக்கையில். தொடப்படாதவர்களில் எத்தனை பேருக்கு நோய் தணிந்தது என்று எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. உரைகல்லில் ஒப்பிட ஓர் ஊசி இருந்தது. அரண்மனையில் அது இல்லை.

1714-இல் ஆன் மறைந்தபின் இங்கிலாந்தில் இச்சடங்கு நின்றது. பிரான்சில் மன்னர் தொடும்போது “இறைவன் உன்னைக் குணப்படுத்துகிறார்” என்று சொல்வது மரபு. 18-ஆம் நூற்றாண்டில் அது “இறைவன் உன்னைக் குணப்படுத்துவாராக” என்று மாறிற்று. உறுதிமொழி வேண்டுதலாகத் தேய்ந்தது. பத்தாம் சார்லஸ் 1825-இல் 121 நோயாளிகளைத் தொட்டதோடு அங்கும் அது முடிவுக்கு வந்தது. மன்னன் கையிலிருந்து நோயாளிக்குச் சென்ற மருந்து எதுவுமில்லை.

காந்தம் கொடுத்தது என்ன?

பள்ளியில் ‘ஒற்றைத் தொடுகை முறை’, ‘இரட்டைத் தொடுகை முறை’ என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘சிங்கிள் டச்’, ‘டபிள் டச்’. மாலுமிகளின் திசைகாட்டியோடு தொடர்புடைய சொற்கள் இவை. அக்காலத்து ஊசிகள் விரைவில் காந்தத் தன்மையை இழந்தமையால், கப்பலிலேயே ஒரு காந்தக் கல்லை வைத்திருந்து அவ்வப்போது ஊசியை அதனால் ‘தொட்டு’ உயிரூட்டுவர். 1750-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கில விஞ்ஞானி செயற்கைக் காந்தங்களைப் பற்றி எழுதிய நூலில் இரட்டைத் தொடுகை முறையை விளக்கினார். எதிரெதிர் முனைகளைச் சிறு இடைவெளியில் சேர்த்துப் பிடித்து, எஃகுத் துண்டின்மீது முன்னும் பின்னும் தேய்ப்பதே அம்முறை.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒரு காந்தத்தால் நூறு ஊசிகளைத் தேய்த்தாலும் அதன் வலிமை குறைவதாகத் தெரிவதில்லை. ஒரு விளக்கிலிருந்து நூறு விளக்கு ஏற்றுவதைப் போன்றதுதானா இது? அன்று. விளக்கில் எண்ணெய் எரிகிறது. ஊசியில் எதுவும் எரிவதில்லை.

1907-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் முன்வைத்த கருத்து விடைக்கு வழிகாட்டிற்று. இரும்பினுள் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே காந்தமே. ஆனால் அவை வெவ்வேறு திசைகளை நோக்கி நிற்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. தேய்க்கும்போது அவை ஒரே திசையில் ஒழுங்குபடுகின்றன. அதற்கு வேண்டிய வேலையைச் செய்வது தேய்க்கும் நம் கை. காந்தத்திலிருந்து ஊசிக்குச் சென்ற பொருள் ஒன்றுமில்லை. ஆனால் விளைவு உண்மை. அரசன் கையும் ஒன்றும் கொடுக்கவில்லை, காந்தமும் ஒன்றும் கொடுக்கவில்லை. என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. காந்தம் தொட்ட ஊசி, எவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் வடக்கு நோக்கியே நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத பயணி

சில வேளை தொடுகையில் ஒன்று செல்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இத்தாலிய மருத்துவர் ஃப்ராகஸ்டோரோ 1546-இலேயே தொற்று பற்றி நூல் எழுதி, நோய் நேரே தொடுவதாலும், துணிமணிகள் போன்ற பொருள்களாலும், தொலைவிலிருந்தும் பரவும் என்றார். ஆனால் மருத்துவர் தம் கையைத் தாமே ஐயுறுவதற்கு மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். முதற்பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களே மிகுதி. அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-இல் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்துப் பயின்ற மாணவர்கள் அதே கையோடு வந்து தாய்மார்களைத் தொட்டனர். குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

இங்கே ஒப்பிட இரண்டு பிரிவுகள் இருந்தன, எண்ணிக்கையும் இருந்தது. ஆயினும் மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. நோய் தீர்க்கும் கை நோய் தரும் என்பதை ஒப்புக்கொள்வது எளிதன்று. செம்மல்வைஸ் 1865-இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார். கிருமிக் கொள்கை வேரூன்றிய பின்னரே அவர் சொன்னது பொது அறிவாயிற்று.

விரலும் திரையும்

1965-இல் இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்ற பொறியியலாளர் கணிப்பொறிக்கு ‘டச் டிஸ்ப்ளே’ என்னும் புதிய சாதனத்தை வெளியிட்டார். இன்றைய தொடுதிரைகளின் முன்னோடிகளுள் அது ஒன்று. இன்றைய கைப்பேசியில் விரல் தொடுவது கண்ணாடியை மட்டுமே. கண்ணாடிக்கு அடியிலுள்ள மின்கடத்திகளை அது தொடுவதே இல்லை. மின்னூட்டத்தைத் தேக்கும் திறன் விரல் நெருங்கும்போது சிறிதளவு மாறுகிறது. அந்த மாற்றத்தையே கருவி அளக்கிறது. தடித்த கையுறை அணிந்தவரின் விரலுக்குத் திரை செவிசாய்க்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

திரை விரலை அறிவது இப்படி. விரல் திரையை அறிவது எப்படி? இந்த விடை அண்மையில்தான் கிடைத்தது. 2010-இல் ஆர்டெம் பட்டபூட்டியனும் அவர் குழுவினரும் ஓர் உயிரணுவை நுண்குழாயால் அழுத்தி, 72 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். கடைசி மரபணுவுக்கு வந்தபோது உயிரணு தொடுகையை உணராமல் போயிற்று. அழுத்தினால் திறக்கும் வாயில்களை உயிரணுவின் சவ்வில் அமைக்கும் மரபணு அது. அதற்குப் ‘பியசோ’ என்று பெயரிட்டனர். தோலில் தொடு உணர்வைத் தருவது அதன் உடன்பிறப்பான ‘பியசோ 2’. வாயில் திறந்ததும் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் மின்துடிப்பு எழுகிறது. இவ்வாராய்ச்சிக்காக அவர் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பொன் தொட்டபோது பொன்னே சென்றது. மன்னன் தொட்டபோது ஒன்றும் செல்லவில்லை. காந்தம் தொட்டபோது ஒழுங்கு பிறந்தது. கழுவாத கை தொட்டபோது மரணம் சென்றது. இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. அறிவியலுக்கு அது போதவில்லை. இன்றும் கையால் தடவியே நோய் தீர்ப்பதாகச் சொல்வோரும், அணிந்தாலே நலம் தரும் காந்த வளையல் விற்போரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். தொட்டபோது சென்றது என்ன? தொடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?